பட்டியலில் முதல் பெயர்

கோயம்புத்தூரில் ஓர் ஆலோசனை நிறுவனத்தின் கிளை இருந்தது. இரும்பை உருக்கி வார்க்கும் பவுண்டரிகளுக்கும் பம்ப் தொழிற்சாலைகளுக்கும் போய், வார்ப்பு எங்கே கெடுகிறது, மின்சாரம் எங்கே வீணாகிறது என்று பார்த்து எழுதிக்கொடுப்பது அவர்கள் தொழில். கிளையின் தலைவர் குழந்தைவேலு. வயது ஐம்பத்து மூன்று. இருபத்தாறு வருடமாக இதே நிறுவனம்.

பிப்ரவரி நடுவில் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து நிகில் கூப்பிட்டார். நிகில் அவருக்கு மேலதிகாரி. பத்தொன்பது வயது இளையவர்.

“கே.வி., மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள ஒரு லோகோ வேணும். ஒண்ணே ஒண்ணு போதும்.”

புது வாடிக்கையாளரை அந்த நிறுவனத்தில் லோகோ என்பார்கள். ஐந்து வருடம் ஒதுங்கியிருந்து திரும்பி வருகிறவரையும் புதியவராகவே சேர்த்துக்கொள்வார்கள்.

“வரலைன்னா?”

“ஏப்ரல்ல அங்க கிளை இருக்காது. நான் சொல்லலை கே.வி., எக்ஸெல் ஷீட் சொல்லுது.”

கிளையில் அவரைத் தவிர நான்கு இளம் பொறியாளர்கள் இருந்தார்கள். செய்தி வந்த வாரத்தில் நான்கு பேருக்கும் ஒருவர் பின் ஒருவராகப் பல் வலி வந்தது. விடுப்புக் கடிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே குழந்தைவேலு, “ஏப்பா, எல்லாரும் ஒரே நாள்ல போங்களேன், டாக்டருக்கும் சவுகரியமா இருக்கும்” என்றார். நான்கு பேரும் சிரிக்கவில்லை. மாத முடிவில் இரண்டு பேருக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டது. மற்ற இருவருக்கும் கிடைத்துவிடும் என்று தெரிந்தது.

கிடைக்காதவர் அவர் ஒருவர்தான். ஐம்பத்து மூன்று வயதில் எங்கே போய்ப் பல்லைக் காட்டுவது? சென்னையில் மனைவியும் மகளும் இருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அவரை இங்கே மாற்றியபோது இருவரும் உடன் வரவில்லை. மனைவிக்கு அங்கே வேலை, மகளுக்குக் கல்லூரி. ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொள்வார்கள். பேச்சு முதலில் அரை மணி நேரம் நீடித்தது. இப்போது ஏழு நிமிடம். அவர் இல்லாமலே அந்த வீடு ஓடப் பழகிவிட்டிருந்தது. சரவணம்பட்டியில் ஓர் அறையும், பக்கத்துத் தெருவில் ஒரு மெஸ்ஸும், இந்தக் கிளையும்தான் அவருக்கு இருந்தன. கிளையும் போனால் மெஸ் மட்டும்தான்.

பவுண்டரிக்காரர்கள் ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கணபதி வட்டாரத்தில் பேரிங் கடைக்கு மேல்மாடியில் ஒரு பெண் தனியாக ஆலோசனை சொல்கிறாள். விளம்பரம் கிடையாது, விசிட்டிங் கார்டு கிடையாது, வருகிற வேலையில் பாதியைத் திருப்பி அனுப்புகிறாள் என்றார்கள். குழந்தைவேலுவுக்கு அந்தப் பெண்ணைத் தெரியும். எஸ்தர். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவரிடம் வேலை பார்த்தவர்.

ஒரு புதன்கிழமை அங்கே போனார்.

“வாங்க சார். மாடி ஏறிட்டீங்களே.”

“மூச்சு வாங்குது. ஒரு லிஃப்ட் வெச்சா என்ன?”

“வர்றவங்க குறையட்டும்னுதான் வைக்கலைங்க.”

எஸ்தரின் மேசை நிறையச் சின்னச் சின்ன பாலிதீன் பைகள். ஒவ்வொன்றிலும் பவுண்டரிகள் சோதிக்க அனுப்பிய வார்ப்பு அச்சு மணல். அவர் ஒரு பிடி மணலை எடுத்து உள்ளங்கையில் இறுக்கி, விரலைப் பிரித்து, கட்டியை நடுவில் உடைத்துப் பார்த்து, பையின் மேல் எதையோ எழுதினார். பிறகு அடுத்த பை. குழந்தைவேலு பேசும்போதும் அந்த வேலை நிற்கவில்லை.

“சார், நான் கிளம்பின வருஷம் என்னோட அப்ரைசல்ல என்ன எழுதினீங்கன்னு ஞாபகம் இருக்குங்களா?”

“இல்லையேம்மா.”

“‘வேலை தெரியும். விற்கத் தெரியாது.’”

“நானா எழுதினேன்?”

“ரெண்டே வரி. ரெண்டும் சரிதானுங்க.”

குழந்தைவேலு நாற்காலியில் சற்று நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார். கிளை, மார்ச் முப்பத்தொன்று, நிகில், எக்ஸெல்.

“ஒண்ணு கேக்கறேன் எஸ்தர். நீ எப்படி வேலை பிடிக்கிற?”

“பிடிக்கறதில்லைங்களே.”

“அப்ப எப்படி வருது?”

எஸ்தர் மணலை உடைத்தார். எழுதினார்.

“உங்ககிட்ட ஒரு பட்டியல் இருக்குமே சார். நாங்க இருந்தப்பவே வெச்சிருப்பீங்க.”

இதைக் கேட்பதற்காகவே காத்திருந்ததுபோல் குழந்தைவேலு மடிக்கணினியைத் திறந்தார். அது பழைய பட்டியல் இல்லை. நான்கு வருடத்துக்கு முன் சென்னையில் விற்பனைத் தலைவராக இருந்தபோது அவரே முன்னின்று வாங்கிய மென்பொருள். ஆயிரத்து நானூறு பேர். ஒவ்வொருவருக்கும் பிறந்தநாள் வாழ்த்து, தீபாவளி வாழ்த்து, ஆயுதபூஜை வாழ்த்து தானாகவே போகும். செவ்வாய்க்கிழமை தோறும் காலை பத்து மணிக்குத் தொழில் பற்றி ஒரு குட்டிக் கட்டுரை போகும். எல்லாம் ‘அன்புடன், குழந்தைவேலு’ என்று அவர் பெயரில், அவர் படத்தோடு. பெறுகிறவர் படித்தால் ஒரு புள்ளி. பதில் போட்டால் ஐந்து. ஒரு நிமிடத்துக்குள் பதில் போட்டால் எட்டு. புள்ளி ஏற ஏறப் பெயர் மேலே ஏறும், நிறம் சிவக்கும்.

“இத்தனை பேரையும் உங்களுக்குத் தெரியுங்களா?”

“இத்தனை பேருக்கும் என்னைத் தெரியும்.”

எஸ்தர் திரையை எட்டிப் பார்த்தார். முதல் பெயர் ரத்தச் சிவப்பில் இருந்தது. ஆர். தாமோதரசாமி, அரசூர். ஆயிரத்து இருநூற்றுப் பதினாறு புள்ளி. இரண்டாவது பெயருக்குத் தொண்ணூற்று நான்கு.

மணல் பிடித்திருந்த கை நின்றது.

“இவருக்கு நாம வேலை செஞ்சோமே சார்.”

“ஆமா, பதிமூணு வருஷம் ஆச்சு. நீதான் மணல் பாத்தே. நல்ல மனுஷன்.”

“இவரு பதில் போடறாருங்களா?”

“மூணு வருஷமா. ஒண்ணு விடாம. அனுப்பின நிமிஷமே வந்துடும். ஆபீஸ்ல இவருக்குப் பேரே தங்க முட்டைதான்.”

“என்ன எழுதறாரு?”

குழந்தைவேலு சற்று யோசித்தார். “அதெல்லாம் சாஃப்ட்வேர் பாத்துக்கும். நமக்குப் புள்ளி வரும்.”

“நேர்ல போய்ப் பாத்தீங்களா?”

“இன்னும் கொஞ்சம் பழுக்கட்டும்னு விட்டு வெச்சிருக்கேன்.”

எஸ்தர் கையிலிருந்த மணலைப் பைக்குள்ளேயே போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டார்.

“இவரை முதல்ல போய்ப் பாருங்க சார்.”

“அவ்வளவுதானா?”

“போறப்ப அந்த ஆபீஸ் பையைக் கொண்டுட்டுப் போகாதீங்க.”

குழந்தைவேலு படியிறங்கினார். பெரிய ரகசியம் ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்து வந்தவருக்குச் சற்று ஏமாற்றம்தான். பேரிங் கடைக்காரர் அவரைப் பார்த்து, “திருப்பி அனுப்பிட்டாங்களாக்கும்?” என்று கேட்டார்.

*

நான்கு வாரம் கழித்துத்தான் மறுபடி போனார். மார்ச் மாதம் பிறந்து முக்கால்வாசி ஓடியிருந்தது.

இந்த நான்கு வாரத்தில் இருபத்து மூன்று பேரைப் பார்த்திருந்தார். பட்டியலில் இரண்டாவது பெயரிலிருந்து இருபத்து நான்காவது பெயர் வரை. சிலர் காபி கொடுத்தார்கள். சிலர் ஏப்ரலில் பேசலாம் என்றார்கள். ஒருவர், “உங்க மெசேஜ் எல்லாம் வருதுங்க, பேத்திதான் அழிச்சு விடுவா” என்றார். இன்னொருவர் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, “போட்டோவுல வேற மாதிரி இருக்கீங்க” என்றார். அது பத்து வருடத்துக்கு முன் எடுத்த படம்.

எஸ்தர் எல்லாவற்றையும் கேட்டார்.

“முதல் பேரு?”

குழந்தைவேலு மேசையிலிருந்த ஒரு மணல் பையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க சார் போகலை?”

“அவரும் வேண்டாம்னு சொல்லிட்டா, அப்புறம் போறதுக்கு எடம் இல்லீங்க. போகாத வரைக்கும் அவர் ஒருத்தராவது இருக்காருன்னு இருந்துச்சு. காலைல ஆபீஸ் தெறந்ததும் அந்தச் செவப்பைத்தான் பாப்பேன். நீங்க சிரிக்காதீங்க.”

எஸ்தர் சிரிக்கவில்லை. குழந்தைவேலு முதல்முறையாக ‘நீங்க’ என்று சொன்னதை இருவருமே கவனித்தார்கள். கவனிக்காததுபோல் இருந்தார்கள்.

“நாளைக்கு வெள்ளிக்கிழமை. போயிட்டு வந்துடுங்க” என்றார் எஸ்தர்.

*

அரசூரில் பவுண்டரியின் இரும்புக் கேட் சங்கிலியால் கட்டியிருந்தது. சங்கிலிக்கு மேல் கொடி படர்ந்திருந்தது. பக்கத்திலேயே வீடு. குழந்தைவேலு பையோடுதான் போயிருந்தார். பை இல்லாமல் ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போவது சட்டை இல்லாமல் போவது மாதிரி இருந்தது அவருக்கு.

அழைப்பு மணியை அழுத்தியதும் ஓர் அம்மாள் கதவைத் திறந்தார். அறுபதைத் தாண்டிய வயது. அவரை ஒரு கணம் பார்த்தார்.

“குழந்தைவேலுங்களா?”

“ஆமாங்க. எப்படி...”

“போட்டோவைவிட எளச்சிருக்கீங்க. வாங்க, உள்ள வாங்க.”

கூடத்தில் தாமோதரசாமியின் படம் இருந்தது. படத்துக்குச் சந்தன மாலை. குழந்தைவேலு அதன் முன் நின்றுவிட்டார்.

“எப்பங்க?” என்றார்.

“மூணு வருஷம் ஆச்சுங்க. மாரடைப்பு. ஷிஃப்டு முடிஞ்சு வந்து, ஷூவைக் கழட்டிட்டிருந்தாரு.” அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டார். “எம் பேரு சுலோசனா. அப்பவே உங்களுக்கு எழுதினேனுங்களே.”

“எனக்குங்களா?”

“அவரு பொறந்தநாளைக்கு வாழ்த்து வந்துச்சு. அவரு போயி நாப்பதாவது நாளு. ‘அவர் இல்லைங்க, நான் அவர் சம்சாரம்’னு பதில் போட்டேன். ‘நன்றி, எங்கள் குழு விரைவில் தங்களைத் தொடர்புகொள்ளும்’னு வந்துச்சு.”

குழந்தைவேலு கீழே பார்த்தார். அந்த வாக்கியம் அவர் எழுதியது. மென்பொருள் வாங்கியபோது, எந்தப் பதிலுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு வாக்கியம் வேண்டும் என்று கேட்டார்கள். காரில் போகும்போதே சொல்லிக் கொடுத்தார்.

“குழு வரும்னு ரெண்டு மாசம் பாத்தனுங்க” என்றார் சுலோசனா. “தெனமும் கூடத்தைக் கூட்டி வெப்பேன். எத்தனை பேர் வருவாங்கன்னு தெரியாதுங்களே, நாலு டம்ளர் எடுத்துத் தொடச்சு வெச்சேன்.”

“மன்னிச்சுக்கோங்கம்மா. அது மெஷின் அனுப்பறது.”

“தெரியுங்க. மெல்போர்ன்ல இருக்கற பையன் சொன்னான், ‘அது மெஷின்மா, அதுகூட எதுக்குப் பேசிட்டிருக்கே’ன்னு.”

“தெரிஞ்சுமா பதில் போட்டீங்க?”

சுலோசனா உள்ளே போய்க் காபி கொண்டுவந்து வைத்தார். பிறகுதான் பதில் சொன்னார்.

“பேங்குல பேரை மாத்திட்டாங்க. கரண்டு கார்டு, கேஸு, வீட்டு வரி எல்லாம் எம் பேருக்கு வந்துடுச்சு. பவுண்டரி லைசென்ஸ் முடிஞ்சுது. ஃபர்னஸை வித்துட்டோம். சொந்தக்காரங்க யாரும் அவர் பேச்சே எடுக்கறதில்லை, நான் அழுவேன்னு. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு இதுதானுங்க ‘அன்புள்ள தாமோதரசாமி’ன்னு அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுது.”

மேசையில் ஒரு பழைய கைபேசி சார்ஜில் கிடந்தது. அது தாமோதரசாமியுடையது என்று சொல்லாமலே தெரிந்தது.

“கட்டுரையெல்லாம் படிப்பனுங்க. மொதல்ல ஒண்ணும் புரியலை. இப்பப் புரியுது. போன வருஷம் மணல்ல ஈரம் அதிகமானா வார்ப்புல ஓட்டை விழும்னு எழுதியிருந்தீங்க. அதைப் படிச்சப்புறம்தான், அந்த மனுஷன் மழைக்காலம் வந்தா ஏன் சோறு எறங்காம உக்காந்திருப்பாருன்னு தெரிஞ்சுது. கூட இருந்தப்பத் தெரியலைங்க.”

குழந்தைவேலு காபியைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. சூடாக வந்தபோதே குடித்திருக்கலாம்.

“ஏனுங்க, நடுவுல மூணு செவ்வாக்கெழமை வரலையே?”

“செலவைக் குறைக்கச் சொன்னாங்க. கிளையை மூடப்போறாங்கம்மா. இந்த மாசம் முப்பத்தொண்ணோட.”

“மூடிட்டா?”

“மூடிட்டா மெசேஜும் நின்னுடும்.”

சுலோசனா படத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

“என்ன செஞ்சா வருமுங்க?”

விற்பனையில் இருக்கிறவன் ஆயுள் முழுக்கக் காத்திருப்பது இந்த ஒரு கேள்விக்காகத்தான். இருபத்தாறு வருடத்தில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. கை தானாகவே பைக்குப் போயிற்று. ஒப்பந்தப் படிவம் மேலாகவே இருந்தது. அவர் வாய் தொகையைச் சொன்னது, ஒரு வருடம் என்று சொன்னது, எங்கே கையெழுத்து என்று சொன்னது. சுலோசனா படிக்கவில்லை. பேரம் பேசவில்லை. ஏழு பக்கத்திலும் நிதானமாக முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“ஏங்க, அவர் பேருலயே வருமுங்களா? எம் பேருக்கு மாத்திட மாட்டாங்களே?”

“மாத்தமாட்டாங்கம்மா.”

வாசல் வரை வந்து வழியனுப்பினார். “அடுத்த தடவை சாப்பிடற மாதிரி வாங்க” என்றார்.

காரில் உட்கார்ந்து குழந்தைவேலு நிகிலுக்குச் செய்தி அனுப்பினார். ‘லோகோ கிடைத்தது.’ நிகில் உடனே ஒரு கேக் படம் அனுப்பினார். அடியில், ‘திங்கள் மாலை ஆறுக்குள் கையெழுத்தான ஸ்கேன் வேண்டும்.’

*

சனிக்கிழமை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அலுவலக ஸ்கேனரில் கோளாறு என்று தனக்கே சொல்லிக்கொண்டார். ஸ்கேனர் நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மெஸ் கிடையாது. சென்னைக்குப் பேசியாகிவிட்டது, ஐந்து நிமிடம். அறையில் மடிக்கணினியைத் திறந்து, தாமோதரசாமி பெயரைத் தட்டினார். புள்ளிகளுக்குப் பக்கத்தில் ‘பதில்கள்’ என்று ஓர் இடம் இருந்தது. இந்த நான்கு வருடத்தில் அதைத் திறந்ததே இல்லை. திறந்தார்.

நூற்று நாற்பத்து எட்டு பதில்கள் இருந்தன.

‘இன்னைக்கு ஃபர்னஸ் ஏத்திட்டுப் போனாங்க. லாரி திரும்பறதுக்குக் கேட் பத்தலை. தூணை இடிச்சாங்க.’

நன்றி. எங்கள் குழு விரைவில் தங்களைத் தொடர்புகொள்ளும்.

‘பாத்ரூம்ல வழுக்கிட்டேன். வலது கையில கட்டு. இடது கையில எழுதறேன், தப்பு இருந்தா மன்னிக்கணும்.’

நன்றி. எங்கள் குழு விரைவில் தங்களைத் தொடர்புகொள்ளும்.

‘இங்க மழை. அங்க மழைங்களா?’

நன்றி. எங்கள் குழு.

தேதிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். போன தீபாவளியில் நின்றார். அன்று அவர் சென்னைக்குப் போகவில்லை. டிக்கெட் கிடைக்கவில்லை என்று வீட்டில் சொல்லியிருந்தார். உண்மையில் எடுக்கவே இல்லை. எடுக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவும் இல்லை. மெஸ் மூடியிருந்தது. ரொட்டியும் இரண்டு வாழைப்பழமும் வாங்கிவந்து இதே கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டார். வெளியே சரவெடி சத்தத்தில் டி.வி. கேட்கவில்லை. அன்று முழுவதும் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசியதாக ஞாபகம் இல்லை.

திரையில் அந்தத் தேதிக்கு நேராக இருந்தது: ‘வாழ்த்துக்கு நன்றிங்க. நல்ல நாளும் அதுவுமா வேலையா? ஊருக்குப் போகலைங்களா? சாப்பிட்டீங்களா?’

அடுத்த வரியில், அவர் படத்துக்குப் பக்கத்தில், அவர் பெயரில், பதில் போயிருந்தது. நன்றி. எங்கள் குழு விரைவில் தங்களைத் தொடர்புகொள்ளும்.

எட்டுப் புள்ளி.

*

திங்கள்கிழமை நாலரை மணிக்குக் கணபதியில் படியேறினார். எஸ்தர் மணல் பைகளை ஒதுக்கி மேசையில் இடம் செய்து கொடுத்தார். குழந்தைவேலு ஒப்பந்தத்தை அங்கே வைத்தார்.

“அவர் போயிட்டது உங்களுக்குத் தெரியும்” என்றார் குழந்தைவேலு.

“தெரியுங்க. மாலை போட்டுட்டு வந்தேன்.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே.”

“செத்துப்போன மனுஷரு யாரு கையால பதில் போடறாருன்னு எனக்குத் தெரியலைங்களே சார். போய்ப் பாத்தாத்தானே தெரியும்.”

குழந்தைவேலு எல்லாவற்றையும் சொன்னார். துடைத்து வைத்த நான்கு டம்ளர், சார்ஜில் கிடந்த கைபேசி, நூற்று நாற்பத்து எட்டு பதில்கள். தீபாவளியைச் சொல்ல வந்தவர், அந்த இடத்தில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு அதைச் சொல்லவில்லை.

“பையைக் கொண்டுட்டுப் போயிட்டேன்” என்றார்.

“தெரியுது” என்றார் எஸ்தர். ஒப்பந்தத்தின் ஏழு பக்கத்தையும் படித்தார். சுலோசனா படிக்காததையும் சேர்த்துப் படிப்பதுபோல் மெதுவாகப் படித்தார்.

“ஆறு மணிக்குள்ள அனுப்பணும்” என்றார் குழந்தைவேலு. “அனுப்பலைன்னா கிளை இல்லை. பசங்களுக்கு எடம் கெடச்சிடுச்சு. எனக்குத்தான் இல்லை. அந்த அம்மா ஏமாந்து போடலைங்க, தெரிஞ்சேதான் போட்டாங்க. அவங்களே கேட்டாங்க. நான் ஒரு வார்த்தை கட்டாயப்படுத்தலை.”

“சரிங்க.”

“அப்ப அனுப்பட்டுங்களா?”

“இதுல அந்த அம்மா என்ன வாங்கியிருக்காங்க சார்?”

“ஒரு வருஷ ஆலோசனை. மூணு மாசத்துக்கு ஒருக்கா எஞ்சினியர் நேர்ல போவாரு. உற்பத்தி அறிக்கை. வாராவாரம் கட்டுரை.”

“பவுண்டரி ஓடுதுங்களா?”

“இல்லை. பூட்டிக் கெடக்குது.”

“அப்ப எதை வாங்கியிருக்காங்க?”

கீழே பேரிங் கடையில் யாரோ ஷட்டரைப் பாதி இறக்கினார்கள்.

“செவ்வாய்க்கிழமையை” என்றார் குழந்தைவேலு.

“அது உங்க கம்பெனிகிட்ட இருக்குதுங்களா?”

“இல்லைங்க. கம்பெனிகிட்ட இல்லை.”

எஸ்தர் காகிதங்களை ஒழுங்காக அடுக்கி, அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“உங்ககிட்ட இருக்குதுங்களா சார்? நாளைக்குச் செவ்வாய்க்கிழமைதானுங்க.”

குழந்தைவேலுவின் கைபேசி மேசையில் அதிர்ந்தது. சென்னை. நிகில். அவர் கையை நீட்டவில்லை. அது அதிர்ந்து அதிர்ந்து, சிந்திக் கிடந்த மணலில் சிறிது தூரம் நகர்ந்து, நின்றது.